எட்டு ஜிபியும் ஒரு சிட்டிகைத் தூசியும்

ஏமாறுவதைக்கூட செல்வநாயகி பொறுத்துக்கொள்வாள். இவள் ஏமாந்துவிடுவாள் என்று ஒருவன் முகத்தைப் பார்த்தே முடிவுகட்டுவதுதான் அவளுக்குக் குமட்டும்.

பன்னிரண்டு வருஷம் பீங்கான் கம்பெனியில் பொம்மைகளுக்குப் பிசிறு தேய்த்தவள். இருமல் பிடித்த பிறகு வேலையை விட்டு, டைப்பிங் கற்று, பாலக்கரையில் பெட்டிக்கடை அகலத்தில் ஓர் ஆன்லைன் சென்டர் வைத்தாள். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரோ விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படியே உறைந்துவிடும். திங்கட்கிழமை கல்லூரி விண்ணப்பம் தொடங்குகிறது. அன்றைக்கும் உறைந்தால் பிள்ளைகள் எதிர்க்கடைக்குப் போவார்கள், அப்புறம் திரும்பமாட்டார்கள்.

சனிக்கிழமை காலை, புதுக் கம்ப்யூட்டர் வாங்க முப்பதாயிரத்தோடு ஜங்ஷன் ரோட்டில் கார்முகிலின் கம்ப்யூட்டர் கடையில் நின்றாள்.

"மெமரி பதினாறு ஜிபி போட்டா எவ்ளோ தம்பி?"

"ரேமு வெலய மட்டும் கேக்காதீங்கக்கா. எட்டுலேர்ந்து பதினாறுக்குப் போனா இன்னும் ஏழாயிரம்."

"போன வருஷம் ரெண்டாயிரம்னாங்களே?"

"போன வருஷம் நானும்தான் ஒல்லியா இருந்தேன்."

அவள் சிரிக்கவில்லை. கையிலிருப்பதில் மெமரி, ஸ்டோரேஜ் இரண்டில் ஒன்றைத்தான் கூட்ட முடியும். ஸ்டோரேஜை இருநூற்றைம்பத்தாறிலிருந்து ஐந்நூற்றுப் பன்னிரண்டாக்க மூவாயிரம். வாடிக்கைக்காரர்களின் ஸ்கேன்கள் இடமில்லாமல் முட்டிக்கொண்டிருக்கின்றன. இப்போது அதை வாங்கிவிட்டு, மெமரியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், அதற்கு உள்ளே இடம் இருந்தால்.

"தொறந்து காமி. இன்னொரு ரேம் சொருக எடம் இருக்குதான்னு பாக்கணும்."

"சீல பிரிச்சா வாரண்டி போயிடும்க்கா."

"நீ ஒட்டுன சீலுதான? கோந்து கூட இன்னும் காயல."

முனகிக்கொண்டே திருகாணிகளைக் கழற்றினான். இடம் இருந்தது. கூடவே, விசிறிக்கு அடியில், வெள்ளையாக ஒரு படிவு. செல்வநாயகி விரலை விட்டு எடுத்தாள். ரோட்டுத் தூசி நறநறக்கும். இது முகப்பவுடர்போல் வழுக்கியது. பன்னிரண்டு வருஷம் அவள் தலைமுடியிலும் சோற்றிலும் சளியிலும் இருந்த மாவு.

மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலிலிருந்து விரலில் ஒரு சொட்டு விட்டு, மேசைக் கண்ணாடியில் தேய்த்தாள். குழைந்து, பசையாய் அப்பிக்கொண்டது.

"புதுசுன்னியே, இது எந்த பீங்கான் கம்பெனி ஆபீஸ்ல ஓடுனது?"

"குடோன் தூசிக்கா."

"குடோன் தூசி இப்பிடி கொழையாது. இத நான் தின்னுருக்கேன்டா."

கார்முகில் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "சரி, நாலாயிரம் கொறச்சுக்கறேன். வெளிய சொல்லாதீங்க."

செல்வநாயகி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். யோசிக்காமல் வந்த தொகை. இதற்கு முன் எத்தனை பேரிடம் சொல்லிப் பழகியிருப்பான்!

"ஒன் கொறச்சல நீயே வச்சிக்க."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறொரு கடையில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஜிபி எஸ்எஸ்டி ஸ்டோரேஜ் மட்டும் வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பழைய பெட்டியைத் திறந்து, தூசி தட்டி, இத்தனை நாள் இழுத்தடித்த தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதை மாட்டினாள். மெமரி பழைய எட்டு ஜிபிதான்.

திங்கட்கிழமை முதல் விண்ணப்பம். கடைசிப் பக்கம் ஒரு நொடி தயங்கி, போய்விட்டது.

"புது கம்ப்யூட்டராக்கா?" என்றாள் விண்ணப்பம் போட வந்த வெண்பா.

பீங்கான் மாவு இன்னும் ஒட்டியிருப்பதுபோல் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள் செல்வநாயகி. "இல்லம்மா, பழசு. பழசுன்னு சொல்லியே வச்சிருக்கற பழசு."