லங்கா எங்கே கிடைக்கும்?

பீலெஃபெல்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு தாதி புதிதாக வந்திருந்தாள். என்னை 'மனாங்' என்று கூப்பிடுவாள். அவளுடைய ஊரில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்களாம். நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது அரைகுறை ஜேர்மன்தான். ஆனாலும் அவள் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழிலேயே நினைவிருக்கிறது.

ஒருநாள் மதிய இடைவேளையில் பக்கத்தில் வந்து இருந்து கேட்டாள்.

"மனாங், இங்கை லங்கா எங்கை கிடைக்கும்?"

"நான் லங்காவிலை இருந்துதானே வந்தனான்" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "லங்காவுக்குள்ளை இருந்தோ?"

"ஓம். வடக்குப் பக்கம்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அவள் கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். பலாக்காய். அவர்கள் பாஷையில் பலாவுக்குப் பெயர் லங்கா.

துவரை, பன்றி இறைச்சி, பலாக்காய் மூன்றையும் சேர்த்து அவித்த ஒரு குழம்பு அவளுக்கு வேண்டியிருந்தது. அவர்கள் பாஷையில் மூன்றின் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் அதுவே குழம்பின் பெயர். "பிலிப்பைன்ஸ் சாப்பாடோ?" என்று கேட்டதற்கு அவள் முகம் சுருங்கியது. "இல்லை, இது இலொங்கோச் சாப்பாடு, எங்கடை ஊர் ஆக்களின்ரை. மணிலாக்காரருக்கு இது தெரியாது. அவையள் எல்லாத்துக்கும் பழப்புளிதான் விடுவினம்." இலொங்கோக்கள் விடுவது பத்வான் என்ற ஒரு பச்சைக் காயின் புளிப்பாம். அது இந்த நாட்டில் எங்கே கிடைக்கப்போகிறது?

சனிக்கிழமை அவளைத் தமிழ்க் கடைக்குக் கூட்டிப்போனேன். பேணியில் அடைத்த பலாக்காய் இருந்தது. தோலோடு துவரையும் இருந்தது. ஊரில் தங்கள் துவரை கறுப்பு என்று சொல்லிக்கொண்டே பையை எடுத்தாள். புளிப்புக்கு, நாங்கள் மீன்கறியில் போடும் கொறுக்காயை எடுத்து நீட்டினேன். மூக்கருகே வைத்தவள் கண்ணை மூடிக்கொண்டு தன் பாஷையில் ஏதோ சொன்னாள். தாலாட்டுப் போல இருந்தது. பிடித்திருக்கிறதா, இல்லையா? எனக்குப் பிடிபடவில்லை.

அவள் தங்கியிருந்த விடுதியில் சமையலறைக்குப் போட்டி. அதனால் அடுத்தநாள் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் வந்து அடுப்பை மூட்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"எங்கடை வீட்டிலை பண்டி சமைக்கிறேல்லை."

அவள் கரண்டியும் கையுமாக நின்றாள். "அப்ப இதுக்கு என்ன பேர்?"

என் கணவர் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நடுவெழுத்து இல்லாட்டி என்ன? கோழியைப் போடச் சொல்லும்."

புகையிட்ட கோழிக்கால் இருந்தது. அதைப் போட்டாள். தாளிப்பு இல்லை, மிளகாய்த்தூள் இல்லை, மஞ்சள் இல்லை. நான் கறிவேப்பிலையோடு பக்கத்தில் நின்று, எப்போது கேட்பாள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கேட்கவே இல்லை. எலுமிச்சை வாசமடிக்கும் சேரைப் புல்லின் தண்டை முடிச்சுப் போட்டுப் பானைக்குள் இறக்கினாள். கடைசியில் ஒரு பிடி கீரை. குழம்பு மழைக்காலத்து வாய்க்கால் தண்ணீர் நிறத்துக்கு வந்தது. ஒரு கரண்டி வாயில் வைத்தேன். துவரை தெரிந்தது, பலா தெரிந்தது, கொறுக்காயும் தெரிந்தது. எல்லாம் தெரிந்த ருசி, ஆனால் சேர்த்து விழுங்கினால் நான் எங்கே நிற்கிறேன் என்று தெரியவில்லை.

அவள் தாயைக் கைப்பேசியில் அழைத்துப் பானைக்கு மேலே பிடித்துக் காட்டினாள். மின்விசிறிக்கு முன்னால் ஒரு சின்ன உருவம். அந்த அம்மா பானையைப் பார்த்து நெடுநேரம் பேசினார். குரல் ஏறி இறங்கி அவ்வளவு கனிவாக இருந்தது. வாழ்த்துகிறார் என்று நினைத்து நானும் கைகூப்பிச் சிரித்தேன், தலையாட்டினேன். மகளும் அதே இராகத்தில் பதில் சொன்னாள். பார்த்தால் அவள் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது.

"அம்மா என்ன சொன்னவ?"

"பேசினவ, மனாங். நல்லாப் பேசிப்போட்டா."

"பேசினவவோ? பாட்டு மாதிரியெல்லோ இருந்தது!"

"எங்கடை ஆக்கள் கோவத்திலையும் இப்பிடித்தான் கதைப்பினம்."

"கோழி போட்டதுக்கோ?"

தலையாட்டி மறுத்தாள். "அங்கை லங்காவும் கிடைக்குது, துவரையும் கிடைக்குது, புளியும் கிடைக்குது எண்டால் நீ ஏன் இனித் திரும்பி வரப்போறாய் எண்டு கேக்கிறா. ஒப்பந்தம் முடிய வந்திடுவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

கடைக்குக் கூட்டிப்போனது நான்தானே. அது உதவியா, உபத்திரவமா? முன்பொரு காலம் நானும் இங்கிருந்து அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, இப்போது முருங்கைக்காய்கூட வாங்கலாம் என்று சந்தோசமாகச் சொன்னேன். "நல்லது பிள்ளை" என்றார். அது எந்த மாதிரியான 'நல்லது' என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. இனிக் கேட்கவும் ஏலாது. மேசையில் என் கணவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டிருந்தார். அவளும் அழுத கண்ணோடு நன்றாகவே சாப்பிட்டாள்.

அவள் திரும்பிப் போகாமல் ஒப்பந்தத்தை நீட்டித்தாள். அடுத்த வசந்தத்தில் தாய் மகளைப் பார்க்க வந்தார். எங்கள் வீட்டுக்கும் கூட்டி வந்தாள். வந்த அம்மா நேரே சமையலறைக்குள் போய், கோழியும் இறாலும் வைத்துச் சிறு மாவுப் பொதிகள் மடித்து, தெளிந்த சாற்றில் மிதக்கவிட்டார். அதுவும் அவர்கள் ஊருக்கே உரிய சாப்பாடாம். வழக்கமாகப் போடும் பன்றியைத் தானாகவே தவிர்த்திருந்தார்.

மகள் தெருவில் காரை இடம் மாற்றிவிடப் போனபோது, அந்த அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பேசத் தொடங்கினார். அதே இராகம். கண்கள் என் முகத்தை விட்டு அசையவில்லை. நன்றி சொல்கிறாரா, ஏசுகிறாரா, பிள்ளையைப் பார்த்துக்கொள் என்கிறாரா, திருப்பி அனுப்பிவிடு என்கிறாரா? நான் "ஓம் அம்மா, ஓம்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு நின்றேன்.

மகள் திரும்பி வந்ததும் கேட்டேன். அவள் தாயிடம் கேட்டாள். தாய் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் கோப்பைகளில் சாற்றை வார்க்கத் தொடங்கினார்.

"சொல்லமாட்டாவாம், மனாங். நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டியளாம், அது போதுமாம்."