ஐயாவுக்குப் பதில் நீட்டிய கை

என் அக்கா புருஷன் ஒரு எம்.எல்.ஏ.வுக்குக் கார் ஓட்டியவர். ஓட்டியதைவிடக் காத்துக் கிடந்ததுதான் அதிகம். காத்துக் கிடந்தே மனுஷனுக்கு முடி நரைத்துவிட்டது.

எம்.எல்.ஏ.க்களுக்கு அரசே பணம் கட்டி ஆயுள் காப்பீடு எடுத்துத் தருகிறது. கட்டுவது நம் வரிப்பணம். அவர்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: வருஷம் ஒருமுறை வெறும் வயிற்றில் போய் ரத்தம் கொடுக்கவேண்டும். மக்களுக்காக ரத்தம் சிந்துவேன் என்று மேடையில் தொண்டை கிழியக் கத்துகிற ஐயாவுக்கு, ஊசியைக் கண்டால் கைகால் உதறும். அதனால் அவர் காரிலேயே உட்கார்ந்திருப்பார். அத்தான் உள்ளே போய் அவர் பெயரைச் சொல்லிக் கையை நீட்டுவார். லேப்காரர்களுக்கும் தெரியும். யார் கேட்பது?

"இது எம்.எல்.ஏ. ரத்தம், தெரியுமில்ல?" என்று வீட்டில் மார்தட்டுவார். நாங்களும் சிரித்தோம்.

இந்த வருஷம் ரிசல்ட் மோசமாக வந்தது. கிட்னி இரண்டும் பழுதாம். இன்சூரன்ஸ் கம்பெனி மறுபடி டெஸ்ட் எடுக்கச் சொன்னது. ஐயா அத்தானை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"ஏன்யா, என் பாலிசிக்கே வேட்டு வெச்சிட்டியே!"

"ஐயா, கெட்டுப்போனது என் கிட்னிங்க."

"அதத்தான்யா நானும் சொல்றேன்!"

அத்தானுக்கென்று எந்த இன்சூரன்சும் கிடையாது. "இத்தன வருஷம் உழைச்சிருக்கீங்க. வைத்தியத்துக்கு ஒரு வழி பண்ணச் சொல்லிக் கேளுங்க," என்று அக்கா விரட்டினாள். போய்க் கேட்டார். ஐயா ரொம்பக் கனிவாகப் பேசினாராம். உடம்பைப் பார்த்துக்கொள், ரெஸ்ட் எடு என்று சொல்லிக் கார் சாவியை வாங்கிக்கொண்டாராம்.

புது டிரைவர் வந்தாயிற்று. வாட்டசாட்டமான ஆள். நேற்று அத்தானுக்குப் போன் செய்தார்.

"அண்ணே, நாளைக்கு ஐயாவுக்கு டெஸ்ட்டாம். என்னை எதுவும் சாப்பிடாம வரச் சொல்றாங்க. எனக்கு எதுக்குண்ணே?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்கத் துடித்தேன். அத்தான் வேண்டாமென்று கையசைத்தார். தன் வீங்கிய கால்களை மெதுவாக நீட்டிக்கொண்டார்.

"போயிட்டு வாப்பா," என்றார். "ஆனா ரிசல்ட் வந்ததும் வாங்கிப் பாரு. போன வருஷமே எனக்கு லேசா காட்டியிருக்கு. ஐயா பேருதானேன்னு நான் பிரிச்சே பாக்கல."