சால்னாவில் ஊறிய பர்கர்

ப்ளஸ் டூ படிக்கும் என் மகள், ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டைக் கைபேசியில் வரவழைத்துத் தன் அறைக்குள் கொண்டுபோய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். வாராவாரம் பர்கர்தான். வீட்டில் மொத்தமே மூன்று பேர். மூவரும் ஒன்றாக உட்காருவது அந்த ஒரு வேளைதான். அதுவும் போனதில் எனக்கு அப்படியொரு வருத்தம்.

அவள் மிச்சம் வைத்ததை ஒருநாள் பிய்த்து வாயில் போட்டுப் பார்த்தேன். உப்பு, இனிப்பு, கொஞ்சம் புளிப்பு. உள்ளே இருப்பது கறிதானா என்றே தெரியவில்லை. இதற்கா எங்களை விட்டுவிட்டுப் போகிறாள் என்று ரோஷம் வந்தது. இதைவிட ருசியாக வீட்டிலேயே செய்துவிட்டால் தானாக வந்து உட்காருவாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு காளவாசல் கறிக்கடையில் நின்றேன். "கொத்துக்கறி கோலாவுக்கா அண்ணே?" என்றார் கடைக்காரர். பர்கருக்கு என்றதும் கத்தியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கு அவர் சொன்ன கோலா மனதில் நின்றுவிட்டது. கோலா உருண்டைக்குச் சேர்ப்பது போலவே சோம்பு, கசகசா, தேங்காய், சின்ன வெங்காயம், பொட்டுக்கடலை மாவு எல்லாம் சேர்த்துப் பிசைந்து, உருட்டாமல் தட்டித் தோசைக்கல்லில் போட்டேன். புரட்டும்போது உதிர்ந்துபோனது. உருட்டினால் சேர்ந்திருக்கும் கறி தட்டினால் மட்டும் ஏன் உதிர்கிறது? அந்த வாரம் முழுக்க இதே யோசனை. மறுமுறை தேங்காயை விட்டுவிட்டு, பிசைந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துத் தட்டினேன். உடையவில்லை.

அப்புறம் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. மயோனைஸில் கறிவேப்பிலைப் பொடி கலந்தேன். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயத்தை வதக்கி வைத்தேன். பூண்டு மிளகாய்ச் சட்னியைப் பன்னின் அடியில் தடவுவதா மேலே தடவுவதா என்று இரண்டு விதமாகவும் தின்று பார்த்தேன். அடியில் தடவினால்தான் காரம் நாக்கில் முதலில் படுகிறது. "அடுப்படில ஆராய்ச்சி பலமா இருக்கே" என்று மனைவி கேலி பண்ணினாள்.

மகளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. வெளியே வாங்குவதை நிறுத்திவிட்டாள். "செமப்பா" என்பாள், டிஷ்யூ பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விடுவாள். கையில் பிடித்துக்கொண்டு போகத் தோதான பண்டத்தைத்தான் நான் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிறு, தோசைக்காக மனைவி எலும்புச் சால்னா வைத்திருந்தாள். மகளின் தட்டில் பர்கரை வைத்துவிட்டு நான் திரும்புவதற்குள், தன் தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டே வந்த மனைவி, பரோட்டாவைப் பிய்ப்பது போல அதைப் பிய்த்துப் போட்டுத் தட்டு நிறையச் சால்னாவை ஊற்றிவிட்டாள். இந்த ஊரில் தட்டைப் பார்த்தால் கை அப்படித்தான் போகும்.

மகள் வந்து பார்த்துவிட்டுக் கத்தினாள். "ஏம்மா, இது என்ன பரோட்டாவா? இம்புட்டு சால்னாவ ஊத்தி வச்சா இத நான் எப்பிடித் தூக்கிட்டுப் போறது?"

"பேச்சு வாக்குல ஊத்திட்டேன்டி. இங்கனயே உக்காந்து சாப்புட்டுப் போ" என்றாள் மனைவி.

முனகிக்கொண்டே உட்கார்ந்தாள். ஊறிய பன்னோடு கறியைச் சேர்த்து ஒரு வாய் வைத்தாள். அடுத்த வாய்க்கு முகம் தெளிந்துவிட்டது. நானும் என் தட்டில் ஊற்றிப் பார்த்தேன். பன்னின் லேசான இனிப்பும் சால்னாவின் காரமும் அவ்வளவு பொருத்தம். இத்தனை வாரம் மெனக்கெட்டும் இது எனக்குத் தோன்றவே இல்லை.

"நல்லாருக்குல்ல? வாராவாரம் இங்கயே உக்காரலாமே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவள் தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "உக்காந்தா மார்க்கு என்ன, மார்க்கு என்னன்னுதானப்பா கேப்பீங்க. அதான் உள்ள போயிர்றேன்."

எனக்குச் சுருக்கென்றது. கெமிஸ்ட்ரி டெஸ்ட் என்ன ஆச்சு என்று கேட்கத்தான் அடுத்து வாயெடுத்திருந்தேன். அதை விழுங்கிவிட்டுக் கரண்டியை எடுத்தேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்தவா?"

தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.