ஆடி மாதத்தில் வசந்தா அக்கா

வசந்தா அக்கா இறந்த செய்தியை எனக்குச் சொன்னது என் மகள் கவிதா. இருபது ஆண்டுகள் நெய்வேலியில் அவரோடு செவிலியராக வேலை பார்த்தவள் நான். ஆனாலும் அவர் கணவர் முதலில் அழைத்தது கவிதாவைத்தான். துக்கத்துக்கு முன்பே எனக்கு எரிச்சல் வந்தது. அவரை அறிந்தவர்கள் என்னை மன்னிக்கலாம், மன்னிக்காமலும் போகலாம்.

புதுமணத் தம்பதிகளிடம் கருத்தடை பற்றிப் பேசுவது எங்கள் இருவருக்கும் வேலை. நான் படம் காட்டி விளக்குவேன். தலையாட்டிவிட்டு அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்பார்கள். ஆடியில் புதுப்பெண்கள் தாய்வீட்டில் இருப்பார்கள், இப்போது என்ன அவசரம் என்று விட்டுவிடுவேன். அவரோ அந்த மாதம்தான் வீடு வீடாகப் போவார். "சித்திரையில புள்ள பொறக்கக் கூடாதுன்னு ஒரு மாசம் நீங்க பிரிச்சு வெக்கிறீங்க. மீதி பதினோரு மாசத்தை அதுங்களே முடிவு பண்ணட்டுங்க. மாப்ளயையும் வரச் சொல்லுங்க" என்பார். பெண்ணைப் பெற்றவர்களே சிரித்துவிடுவார்கள். எனக்கு வயிறு எரியும்.

கவிதாவுக்குக் கல்யாணமாகி இரண்டாவது ஆடியும் போயிற்று. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த நான் மகளைக் கோயில் கோயிலாக இழுத்தேன். குழந்தையின்மை மருத்துவரிடம் நேரமும் வாங்கிவிட்டேன். அன்றுதான் சொன்னாள். "அவரு இன்னும் கான்ட்ராக்ட்தாம்மா. பர்மனென்ட் ஆவட்டும், அதுவரைக்கும் நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் பழகிக்கலாம்னு பேசி வெச்சோம். மொத ஆடியிலயே வசந்தா பெரியம்மாகிட்ட மாத்திரை வாங்கிட்டேன்."

நேராக அக்காவின் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். "எம் பொண்ணுக்கு மாத்திரை குடுத்துட்டு, தெனமும் எங்கூட உக்காந்து சாப்புட்டுகினு இருந்தீங்களே!" என்று கத்தினேன். அவர் காபியை ஆற்றியபடி, "அது உம் பொண்ணா வரல, கல்யாணமான ஒரு பொண்ணா வந்துச்சு. அம்மாகிட்ட சொல்லிட்டா நாளைக்கு யாரு எங்கிட்ட வருவா?" என்றார். ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. பேசத் தொடங்கிய பிறகும், கவிதா ஏன் என்னிடம் வரவில்லை என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பதில் எனக்கே தெரியும்.

போன வாரம் புதிதாக மணமான ஒரு பெண் வந்து, அக்கா இல்லையென்றதும் முகம் வாடி, வேறு வழியின்றி என்னிடம் மாத்திரை கேட்டாள். கொடுத்தேன். மாலையில் அவள் அம்மா, என் நெடுநாள் சிநேகிதி, கடைத்தெருவில் மடக்கினாள். "எம் பொண்ணு உங்கிட்ட எதுக்கு வந்துச்சு?"

"சளிக்கு மருந்து கேட்டுச்சு" என்றேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது இதுதான். அவர் சொல்லியிருந்தால் அந்த அம்மா இன்னும் நன்றாக நம்பியிருப்பாள்.