முப்பத்தேழாம் பக்கம்

நான் நூலகராக இருக்கும் கல்லூரியில் இன்று நூலக வாசல் அலாரம் கத்தியது. மாணவியின் பையில் இருந்தது அவளுடைய சொந்தப் புத்தகம்தான். இருந்தும் என் கை தானாக முப்பத்தேழாம் பக்கத்தைப் புரட்டியது.

அது அம்மாவின் பழக்கம். நெய்யாற்றின்கரையில் ஒரு கல்லூரியில் அவளும் நூலகர். திருட்டுப்போனாலும் அடையாளம் தெரிய, நூலகர்களின் வழக்கப்படி, எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தில் ரகசியமாக முத்திரை குத்துவாள். உதியன்குளங்கரை சித்தி வீட்டுக்குப் போனாலும், அலமாரிப் புத்தகங்களில் அதைத் தேடுவாள்.

"இஞ்ச எல்லாரும் கள்ளம்மாராக்கும், இல்லியா அக்கா?" என்பாள் சித்தி.

ஒருநாள் அம்மாவின் தலையணைக்கடியில் கிடந்த நாவலில் நானே அந்தப் பக்கத்தைப் புரட்டினேன். ஊதா முத்திரை இருந்தது.

"நாளைக்குக் கொண்டு வச்சிருவேன் மக்கா. ஆருட்டயும் சொல்லாத" என்றாள்.

அந்த நாவல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. என்னோடு நூலக அறிவியல் படித்தவர்கள் வந்தால், அலமாரியைப் பூட்டிவிடுவேன்.