எந்த நாளைக்குத் தக்காளி?

1. முதல் நாள் ஏச்சு

பதுளைக் கடைத்தெருவில் எங்கள் காய்கறிக் கடையில் நான் தனியாக நின்று வியாபாரம் செய்த முதல் நாளே ஏச்சு வாங்கினேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அம்மா தக்காளி கேட்டார். நானும் பெரிய கெட்டிக்காரன் மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து, பெருவிரலால் அமுக்கிப் பார்த்துத் தராசில் வைத்தேன்.

"தம்பி, நீங்க அமுக்கின எடமெல்லாம் நாளைக்குக் கறுத்துப் போயிரும். இத நீங்களே வீட்டுக்குக் கொண்டுபோய் ஆக்கிச் சாப்பிடுங்க. எனக்கு வேற குடுங்க" என்றார்.

உள்ளே கல்லாவில் இருந்த என் வாப்பா சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். கடை முழுக்க ஆட்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா சொன்னது சரி. தக்காளியை அமுக்கக் கூடாது, உள்ளங்கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். அளவுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். காம்படியை மூக்கருகே கொண்டுபோனால் செடி வாசம் வர வேண்டும். வாசமில்லாத சிவப்புப் பழம் பார்வைக்கு மட்டும்தான். தோல் வெடித்த பழம் வாங்கினால் அன்றைக்கே சட்டியில் போட்டுவிட வேண்டும்.

ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். காயாக இருப்பதை அதற்குள் வைக்காதீர்கள். சரியாகப் பழுக்காது, ருசியும் போய்விடும். நன்றாகப் பழுத்த பிறகும் சமைக்க முடியாமல் போனால், அப்போது வையுங்கள். சிலர் வாங்கிய சூட்டோடு எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் அடைத்துவிட்டு, மறு வாரம் வந்து, முஸ்லிம் கடைக்காரரை அண்ணன் முறையில் கூப்பிடுகிற வழக்கப்படி, "நானா, உங்க தக்காளியில ருசியே இல்ல" என்பார்கள். அவர்களோடு வாதாடி எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

2. எந்த நாளைக்கு?

வெலிமடையிலிருந்து தக்காளிப் பெட்டிகள் லொறியில் வந்து இறங்கியதும் நாங்கள் அவற்றை மூன்று குவியலாகப் பிரிப்போம். முழுச் சிவப்பு, இன்றைக்குச் சமைக்க. பாதிச் சிவப்பு, இரண்டொரு நாள் பொறுத்துச் சமைக்க. மூன்றாவது, அடியில் மட்டும் நிறம் திரும்பிய காய். அது வாரக் கடைசிக்கு. எவ்வளவு வேண்டும் என்று கேட்பதற்கு முன்பே "எந்த நாளைக்கு?" என்று கேட்பதுதான் எங்கள் கடைப் பழக்கம். பதிலைக் கேட்டு, அதற்கேற்ற குவியலில் கை வைப்போம்.

இதில் எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. பதுளை டவுன் சூடு. ஸ்பிரிங்வெளி மாதிரி மேலே இருக்கிற தோட்டங்கள் குளிர். குளிரில் காய் பழுக்கப் பிந்தும். அதனால் மேல் தோட்டத்து ஆட்களுக்கு, டவுன் ஆட்களுக்குக் கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடச் சிவந்ததாகப் பார்த்துக் கொடுப்போம். வாப்பாவும் அப்படித்தான் கொடுத்தார், நானும் அப்படித்தான் கொடுத்தேன். இந்தக் கணக்கில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை வேறு. பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று நினைப்பேன்.

3. ஸ்டெல்லா புறப்பட்ட ஞாயிறு

ஆரோக்கியம் ஸ்பிரிங்வெளிப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். புருஷன் இல்லை. ஒரே மகள் ஸ்டெல்லா. ஞாயிற்றுக்கிழமைகளில் தாயும் மகளும் பஸ்ஸில் டவுனுக்கு இறங்கி எங்கள் கடையில்தான் காய்கறி வாங்குவார்கள். ஸ்டெல்லா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்து, பயிற்சிக்குக் கொழும்புக்குப் போன பிறகு ஆரோக்கியம் தனியாக வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் முகமெல்லாம் பரபரப்பு.

"நானா, புள்ள அடுத்த சனிக்கெழம ராவுக்கு வருது. ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஏஜென்சி வேன் வந்து கூட்டிக்கிட்டுப் போயிரும். நேரா ஏர்போட்டுக்கு. அன்னைக்கு மத்தியானம் நெத்தலி போட்டுத் தக்காளிக் கொழம்பு வைக்கணும். அதுக்கு அதுன்னா உசுரு. நல்லாப் பழுத்த பழமா இருக்கணும், புளிக்கக் கூடாது. எனக்கு அதுக்குள்ள மறுபடி டவுனுக்கு வர முடியாது நானா."

"நீங்க யோசிக்காதீங்க தங்கச்சி. நானே பொறுக்கித் தாரேன். மேல குளிர்தானே, ஞாயித்துக்கெழமைக்குச் சரியா ஈக்கும்" என்றேன்.

வாரக் கடைசிக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொறுக்கினேன். வழக்கம்போல ஒரு சாயல் கூடச் சிவந்தவை. அவர் அவற்றைச் சொப்பிங் பேக்கில் வாங்கி, மற்றச் சாமான்களுக்கு அடியில் நசுங்காமல், மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அதற்கு அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கும் அடுத்த ஞாயிறு வந்தார். நான் சும்மா இருக்காமல், "எப்படித் தங்கச்சி, மகளுக்குக் கொழம்பு சரியா வந்திச்சா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அவர் வெங்காயத்தைப் பொறுக்கித் தட்டில் போட்டார். பிறகு சொன்னார்.

"சமைக்கலாம்னு காலையில எடுத்தேன் நானா. பை பூரா தண்ணி விட்டுக் கெடந்துச்சு. ஒண்ணுகூடத் தேறல. புள்ள சொல்லுச்சு, விடுங்கம்மா, பருப்பு போதும்னு. நான்தான் கேக்கல. கீழ ரோட்டுக் கடைக்கு ஓடினேன். அங்க இல்ல. அங்கயிருந்து தோட்டத்தோட அடுத்த டிவிசன் கடைக்குப் போனேன். அங்க கெடைச்சிச்சு. வாங்கிக்கிட்டு ஏறி வர்றேன், பக்கத்து வீட்டு அக்கா எதுக்க ஓடி வருது. சாயங்காலம்னு சொன்ன வேன் அப்பவே வந்துருச்சாம். வேற தோட்டத்துப் புள்ளைகளும் உள்ள இருக்காம். நிக்க முடியாதுன்னு டிரைவர் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே இருந்தானாம். புள்ள ஏறும்போது 'அம்மா எங்க, அம்மா எங்க'ன்னு அழுதுச்சாம். என் போன் வீட்ல சார்ஜ்ல கெடந்துச்சு."

"நீங்க அந்த வேனப் பாக்கவே இல்லையா?"

"குறுக்குப் பாதையில வந்தேன் நானா, சீக்கிரம் வரலாம்னு. வேன் ரோட்டுப் பாதையில போயிருச்சு."

என் கை தன்பாட்டில் தராசில் கேரட் நிறுத்துக்கொண்டிருந்தது. அவர் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

4. அடுப்புக்கு மேலே

எங்கே பிழை நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. அந்த வாரம் மேலே நல்ல மழை, குளிர். என் கணக்குப்படி அந்தக் காய் ஞாயிற்றுக்கிழமை பழுத்து உருண்டையாக இருந்திருக்க வேண்டும். அதே பெட்டியில் மிஞ்சிய காய் டவுன் சூட்டில்கூட நன்றாக இருந்தது.

சில மாதங்களுக்குப் பிறகு அந்தத் தோட்டத்து மாதா கோயில் திருவிழாச் சாப்பாட்டுக்குக் காய்கறி கொண்டுபோனேன். இறக்கி முடித்ததும் ஆரோக்கியம் தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். அத்தனை வருஷம் தோட்டத்து ஆட்களை நம்பி வியாபாரம் செய்திருக்கிறேன். லயம் என்கிற அந்த வரிசை வீடுகளில் ஒன்றுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. முன்பே ஒரு முறை போயிருக்கலாம். யாரும் வர வேண்டாம் என்று சொன்னதில்லை.

ஒரே காம்பரா, ஒரே அறைதான். பின்பக்கம் தடுத்துச் சின்ன அடுப்படி. விறகு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு நேர் மேலே மரப் பரண். உப்பு, கருவாடு, தீப்பெட்டி, கோயில் மெழுகுவர்த்தி எல்லாம் அதில்தான். நனையக் கூடாத, எலி தொடக் கூடாத சாமான் எதுவானாலும் லயத்து வீடுகளில் அங்கேதான் ஏறுமாம்.

"அந்தத் தக்காளியையும் இங்கயா வச்சீங்க?"

"வேற எங்க நானா வைக்க? பையோட இறுக்கிக் கட்டி, பத்திரமா வச்சேன்."

எழுந்து பரண் பலகையில் கை வைத்துப் பார்த்தேன். இளம் சூடு, கை பொறுக்கும் சூடு. இராப்பகலாக அந்தச் சூட்டில், கட்டின பைக்குள் வியர்த்து, அது பாதி வாரத்திலேயே பழுத்து முடிந்திருக்கும். எங்கள் குளிர்க் கணக்கெல்லாம் கதவுக்கு வெளியே உள்ள கணக்கு.

ஆரோக்கியம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன நானா?" என்றார்.

"ஒண்டுமில்ல தங்கச்சி. நான் தந்த காய்தான் சரியில்ல. இன்னும் பச்சையாத் தந்தீக்கணும்" என்றேன்.

"அத விடுங்க. புள்ள போன்ல பேசும்போதெல்லாம் கேக்கும், அன்னைக்கு எங்கம்மா போனீங்கன்னு. மாதா கோயிலுக்கு உனக்காக மெழுகுவர்த்தி ஏத்தப் போனேன்னு சொல்லியிருக்கேன். பொய்தான். மாதா மன்னிப்பாங்க. தக்காளிக்குப் போனேன்னு சொன்னா அது அங்க தக்காளியத் தொடும்போதெல்லாம் அழும் நானா. அது வேல செய்யிற வீட்ல மூணு வேளையும் புள்ளதானே சமைக்குது."

தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது கடையை மகன் பார்க்கிறான். நான் சும்மா போய் உட்கார்ந்திருப்பேன். எந்த நாளைக்கு என்று அவன் கேட்டதும், வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று நான் கேட்பேன். அடுப்புக்கு மேலே வேண்டாம், பையைக் கட்ட வேண்டாம், சுவரோரமாகக் குளிர்ந்த இடத்தில் காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி பரப்பி, எலி வராமல் மேலே ஒரு கூடையைக் கவிழ்த்து வையுங்கள் என்று சொல்வேன். சிலர் கேட்பார்கள், சிலர் கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று போவார்கள். வியாபாரத்தில் நான் படித்த பாடம் இவ்வளவுதான்: சாமானை மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது, அது போய்ச் சேருகிற வீட்டையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஆரோக்கியம் இன்னும் எங்கள் கடைக்குத்தான் வருகிறார். உருளைக்கிழங்கு, வெங்காயம், போஞ்சி வாங்குவார். தக்காளி கேட்பதில்லை. அவர் நிற்கும்போது மட்டும் நான் அந்தப் புத்திமதியை யாருக்கும் சொல்வதில்லை. ஸ்டெல்லா லீவில் வரும் நாள் முடிவானதும் கட்டாயம் கேட்பார். அன்றைக்கு, பரணில் வைக்காதீர்கள் என்று நான் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்ன நிமிஷமே, அன்றைக்குப் பழத்தைக் கெடுத்தது அந்தப் பரண்தான் என்பதும், நான் அதை மறைத்ததும் அவருக்கு விளங்கிவிடும்.