பிலோமினா சந்தேகப்பட்ட மூன்று மாஸ்க்குகள்

பிலோமினா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி, எங்கள் பழைய பிரிவின் வாட்ஸ்அப் குழுவில் காலை ஏழரை மணிக்கு வந்தது. கைகூப்பும் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்துகொண்டிருந்தன. நான் எதுவும் போடவில்லை. இதே குழு சென்ற ஆண்டு உயிரோடிருந்த ஒருவருக்கு இரங்கல் தெரிவித்து, பிறகு அவரிடமே மன்னிப்புக் கேட்டது. அதனால் விவேக் நகரில் இருக்கும் மேடத்தின் தம்பி ஆரோக்கியத்துக்குப் போன் செய்தேன்.

"உண்மைதான் சார். விடியக்காலைல, தூக்கத்துலயே போயிட்டாங்க" என்றார். பிறகு, "நிஜமான்னு போன் பண்ணிக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் சார். அக்கா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க" என்றார்.

பிலோமினாவுடன் வேலை பார்த்தவர்களுக்கு ஆரோக்கியம் சொன்னதன் பொருள் புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விமானிகளின் ஆக்சிஜன் கருவிகளைப் பழுதுபார்த்துச் சோதிக்கும் பிரிவு எங்களுடையது. மிக உயரத்தில் காற்று மெலிந்துவிடும். அங்கே விமானிக்கு உயிர் என்பது முகத்தில் மாட்டிய மாஸ்க்கும் அதற்கு வரும் குழாயும்தான். அது பிசகினால், பிசகியது தெரிவதற்குள் அவருக்கு அறிவு மங்கத் தொடங்கிவிடும். பிலோமினா அந்த மாஸ்க்குகளைக் கழற்றி, சுத்தம் செய்து, பூட்டி, சோதிப்பவர். நான் தரக் கட்டுப்பாடு. அவர் பூட்டியதற்கும் வாங்கிய பொருளுக்கும் ஒப்புதல் கையெழுத்திடுவது என் வேலை.

வேலையில் சேர்ந்த முதல் வாரமே நான் கையெழுத்திட்ட ஒரு தாளை அவர் திருப்பிக் கொண்டுவந்தார். "சேகர் சார், இதை நீங்க பார்த்துட்டுப் போட்டீங்களா, இல்ல பாஸ்னு எழுதியிருக்கேன்னு போட்டீங்களா?" என்று கேட்டார். பார்த்துவிட்டுத்தான் என்றேன். அது பொய். மீட்டரின் முள் சரியாகத்தானே காட்டியிருக்கிறது என்று சமாளித்தேன். "முள் பொய் சொல்லாது சார். ஆனா நாம கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லும்" என்றார். அன்று முதல் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனது. இதை இப்போது மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

சில ஆண்டுகள் கழித்து, கோயம்புத்தூர்க்காரரான ஒரு விமானி எங்கள் பிரிவுக்கு நேரில் வந்தார். உயரத்தில் அவருக்கு மூச்சு சிரமமாகி, விரல்கள் மரத்துப்போய், பாதியில் இறங்கியிருந்தார். அவருக்கு முன்பே வேறு வேறு தளங்களிலிருந்து இரண்டு பேர் இதையே எழுதி அனுப்பியிருந்தார்கள். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, சரியாகத் தூங்குகிறாரா என்று எல்லோரும் அவரைக் கேட்டு முடித்திருந்தார்கள். பிலோமினா கேட்டது ஒன்றுதான்.

"இழுக்கறப்ப கஷ்டமா, விடறப்ப கஷ்டமா?"

விமானி நிமிர்ந்து பார்த்தார். "விடறப்ப மேடம். தலையணைக்குள்ள ஊதுற மாதிரி இருந்துச்சு. இதை யாருமே கேக்கல."

மூன்று மாஸ்க்குகளும் சோதனை மேசைக்கு வந்தன. மூன்றும் தேறின. எங்கள் பிரிவுத் தலைவர் மண்டியாக்காரர். எங்களிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார். "எல்லாம் பாஸ் ஆகிதல்லம்மா? மத்தேனு, வேற என்ன? பைலட்டுக்குத்தான் பயம். மெடிக்கலுக்கு எழுதிடலாம்" என்றார். அப்படி எழுதினால் அந்த விமானி இனி விமானத்தில் ஏறுவது சந்தேகம்தான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

"மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததுகூட இல்ல சார். மூணு பேரும் எப்படி ஒரே பொய்யைச் சொல்வாங்க?" என்று கேட்டார் பிலோமினா. 'குறையில்லை' என்று எழுதியிருந்த அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. மூன்று மாஸ்க்குகளையும் கடைசியாகப் பூட்டியவர் அவர்தான். அந்த ஆண்டுதான் அவருடைய மூக்குக்கண்ணாடியின் பவர் கூடியிருந்தது. வால்வு ஒன்றைத் தவறாகப் பொருத்தியிருப்பார், அது வெளியே வருவதற்குள் கதையைப் பெரிதாக்கி எல்லோரையும் குழப்புகிறார் என்று நினைத்தேன். தலைவரிடமும் இதைக் காதோடு சொல்லிவைத்தேன். ஒரு மதியம் பிலோமினா சாப்பிடப் போன நேரத்தில், அவர் மேசையில் உட்கார்ந்து ரெஜிஸ்டரைப் புரட்டினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"கீழ் டிராயர்லயும் பாருங்க சார். போன வருஷத்து ரெஜிஸ்டர் அங்க இருக்கு."

நான் எழுந்து நின்றேன்.

"உக்காருங்க. ரெண்டு நாளா நானும் அதைத்தான் தேடிட்டு இருக்கேன். மூணும் என் கையால பூட்டினது. எனக்கும் முதல்ல என் மேலதான் சந்தேகம்" என்றார். அன்று மாலைவரை இருவரும் ஒரே ரெஜிஸ்டரைப் பார்த்தோம். அவர் வேலையில் பிழை எதுவும் கிடைக்கவில்லை. எனக்கு உள்ளூர ஏமாற்றமாக இருந்தது.

எங்கள் சோதனை மேசையில் ஒரு ரப்பர் தலை உண்டு. அதற்கு மாஸ்க்கை மாட்டினால் ஒரு பம்பு மூச்சு விடும். பிலோமினா அந்தத் தலையின் முன் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு, "இதோட மூச்சுல ஈரமே இல்ல சார். இது குளிர்ல போறதும் இல்ல. மனுஷன் போட்டுத்தான் பார்க்கணும்" என்றார். தலைவர் முதலில் முடியாது என்றார். பிலோமினா எழுத்தில் கேட்டார். எழுத்தில் மறுக்கத் தலைவருக்குத் துணிவில்லை.

மருத்துவ அதிகாரி அருகிலிருக்க, ஆரோக்கியத்தின் ஸ்வெட்டரும் தலைக்குக் குல்லாவுமாக பிலோமினா குளிர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். கோயம்புத்தூர்க்காரரின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டார். நான் கண்ணாடிக்கு வெளியே கடிகாரத்தோடு நின்றேன். முதல் கால் மணி நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு அவர் தோள்கள் ஏறி இறங்குவது தெரிந்தது. கையை உயர்த்தினார். நாங்கள் உள்ளே ஓடினோம்.

"விட முடியல" என்றார், மாஸ்க்கைக் கழற்றி.

அப்போதும் நான் நம்பவில்லை. அவர் கையிலிருந்த மாஸ்க்கை வாங்கி, அந்தக் குளிரிலேயே என் முகத்தில் வைத்துப் பட்டையை இறுக்கினேன். இழுத்த மூச்சு எளிதாக வந்தது. விடப்போனேன். போகவில்லை. நெஞ்சு நிறைந்து முட்டியது, வெளியேற வழியில்லை. நான்கைந்து மூச்சுகள்தான். பட்டையை அவிழ்க்க என் விரல்கள் தடுமாறின. தரையில் நின்றுகொண்டிருந்த எனக்கே அப்படியென்றால், மேலே தனியாக இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அங்கேயே பிரித்துப் பார்த்தோம். மூச்சை வெளியே விடும் வால்வின் மெல்லிய ரப்பர் இதழ், தான் படிந்து மூடும் விளிம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நீண்ட நாளாகச் சுத்தம் செய்யப்படாமல் அலமாரியில் கிடந்த ஒரு மாஸ்க்கை அதேபோல் போட்டுப் பார்த்தோம். அது ஒட்டவே இல்லை.

மறுநாள் காலை பிலோமினா இரண்டு பாட்டில்களோடு என் மேசைக்கு வந்தார். ஒன்று மாஸ்க்குகளைத் துடைக்க நாங்கள் முன்பு பயன்படுத்திய திரவம். மற்றொன்று, அது கிடைக்காமல் போனபோது மாற்றாக வாங்கியது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காய வைத்திருந்தார். பழையது தடமில்லாமல் காய்ந்திருந்தது. புதியது கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை விட்டிருந்தது. விரலால் தொட்டால் லேசான பிசுபிசுப்பு. மூச்சின் ஈரமும் குளிரும் சேர்ந்தால் அந்தப் படலம்தான் இதழை ஒட்டவைக்கிறது.

"இந்த மாற்றுக்கு ஒப்புதல் கையெழுத்து உங்களோடது சார்" என்றார்.

ரப்பருக்குக் கேடில்லை என்று விற்றவர் கொடுத்த தாளில் இருந்தது. அதை நம்பிப் போட்டிருந்தேன். குளிரில் சோதிக்கவில்லை. அந்த நொடியில் என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அந்த விமானிகளைப் பற்றியதல்ல. "யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லல. சந்தேகம் உங்க மேல. அப்போ முதல்ல உங்ககிட்டதானே வரணும்?" என்றார். "நாலு மணிக்குத் தலைவர்கிட்ட போறேன். நீங்களும் வந்தா நல்லது. வரலைன்னாலும் போவேன்."

நாலு மணிவரை என்னென்னவோ யோசித்தேன். தாளைக் காட்டித் தப்பிக்கலாம் என்றுகூட நினைத்தேன். கடைசியில் அவரோடு போனேன். நான் சொல்லி முடிக்கும்வரை தலைவர் எங்களிருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய திரவம் நிறுத்தப்பட்டது. அதைக் கொண்டு துடைத்த எல்லா மாஸ்க்குகளும் திரும்ப வந்தன. விமானியை மெடிக்கலுக்கு அனுப்பும் கடிதம் கிழிக்கப்பட்டது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. சில வாரங்கள் கழித்து அந்த விமானி மேலே போய் இறங்கிவிட்டு பிலோமினாவுக்குப் போன் செய்தார். நன்றி சொன்னவரிடம் அவர், "அதிருக்கட்டும், விடறப்ப எப்படி இருந்துச்சு? நிஜமா சொல்லுங்க" என்று இரண்டு முறை கேட்டதை நான் அருகிலிருந்து கேட்டேன்.

இதன்பின் நாங்கள் நண்பர்களாகிவிட்டோம் என்று எழுத ஆசைதான். ஆனால் என்னைச் சிக்கவைக்கத்தான் அவர் அந்தப் பாட்டிலைத் தேடினார் என்று ஓராண்டு மனதில் வைத்திருந்தேன். அவரும் ஓய்வுபெறும் நாள்வரை நான் கையெழுத்திட்ட ஒவ்வொரு தாளையும் முழுதாகப் படித்த பிறகே வாங்கினார்.

இரண்டு மாதங்களுக்கு முன் விவேக் நகர் வீட்டுக்குப் போய் அவரைப் பார்த்தேன். வியாழக்கிழமைப் பூசை என்பதால் அங்குள்ள தேவாலயத்தின் கூட்டத்தில் ஆட்டோ நகரவில்லை. கடைசித் தூரம் நடந்துதான் போனேன். அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டிருந்தது, மெதுவாகப் பேசினார். திடீரென்று, "அன்னிக்கு அந்த மாஸ்க்கை ஏன் சார் வாங்கிப் போட்டீங்க?" என்று கேட்டார்.

"நீங்க நடிக்கிறீங்கன்னு நினைச்சேன் மேடம்."

அவர் சிரித்த சிரிப்பில் ஆரோக்கியம் உள்ளறையிலிருந்து ஓடிவந்தார். "அப்பாடா" என்றார், மூச்சு சீரான பிறகு. "என் மேல பாவப்பட்டுப் போட்டீங்களோன்னு இத்தனை வருஷமா எனக்கு ஒரு சந்தேகம். சந்தேகப்பட்டுப் போட்டாத்தானே சார் அது சோதனை."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, சந்தேகப்படும் குணம் அல்ல. அது எனக்கு முன்பே இருந்தது, இப்போதும் நிறைய இருக்கிறது. யார்மீது சந்தேகமோ அவர் முன் போய் நின்று, அவரிடமே முதலில் சொல்வது. அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை இரண்டு முறை செய்திருக்கிறேன். இரண்டு முறையும் அவர்கள் அறைக்கதவு வரை போய், ஒரு தடவை திரும்பி நடந்துவிட்டு வந்துதான் தட்டினேன். இரண்டு பாட்டில்களோடு என்னிடம் வந்த காலையில் அவரும் அப்படித் திரும்பி நடந்தாரா என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.